மிசிசிப்பிக் கரையில் ஆறு மாதம்

முப்பத்தோரு ஆண்டுகள் மும்பையில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் புவியியல் கற்பித்தவள் நான். கரும்பலகையில் வட அமெரிக்காவை வரைந்து, நடுவில் மேலிருந்து கீழாக நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, "இதுதான் மிசிசிப்பி" என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன்! அந்தக் கோட்டின் கரையிலேயே என் மகள் குடித்தனம் நடத்துவாள் என்று யார் கண்டது?

2018 செப்டம்பரிலிருந்து 2019 மார்ச் வரை அயோவா மாநிலத்தின் டபியூக் நகரில் மகள் வீட்டில் இருந்தேன். சுமார் அறுபதாயிரம் பேர் வாழும் ஊர். நம் தாராவியின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். மகளும் மருமகனும் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போய்விட்டால் பேச ஆளில்லை. ஆகவே ஊரைப் படிக்கத் தொடங்கினேன்.

அந்தப் படிப்புக்கு ஒரு அவசரமும் வந்து சேர்ந்தது. மகளும் மருமகனும் வீடு வாங்க அலைந்துகொண்டிருந்தார்கள். ஊரின் தாழ்வான பகுதியில் நூறாண்டு பழைய செங்கல் வீடு ஒன்று மலிவாக வந்தது. எனக்கோ 2005 ஜூலை 26 நினைவுக்கு வந்தது. அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்து, கட்டிலை மிதக்கவிட்டு, மகளின் சான்றிதழ்களைக் கூழாக்கிவிட்டுப் போனது. "மழை பெய்தால் இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டீர்களா?" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டபியூக்கின் அமைப்பை ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ள ஓரிடம் உண்டு. ஆற்றை ஒட்டிக் குறுகிய சமநிலம். அதன் முதுகில் சுவர்போல எழும் குன்று. இரண்டையும் இணைக்க ஒரு சின்னஞ்சிறு கம்பிவட ரயில். நீளம் 296 அடிதான், ஆனால் 189 அடி உயரம் ஏறிவிடுகிறது! 1882-இல் கிரேவ்ஸ் என்ற வங்கிக்காரர் தமக்காகப் போட்டது. வீடு குன்றின் மேலே, வங்கி அடிவாரத்தில். குதிரை வண்டியில் சுற்றிக்கொண்டு போக அரை மணி, வர அரை மணி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு குட்டித் தூக்கம் போட நேரமில்லை என்பதே அவருடைய குறை. இருமுறை தீயில் எரிந்த பிறகு, அக்கம்பக்கத்தார் சேர்ந்து 1893-இல் கம்பெனி அமைத்து மின்சாரத்தில் ஓட்டினார்கள். உச்சியில் நின்றால் அயோவா, இல்லினாய், விஸ்கான்சின் என மூன்று மாநிலங்கள் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறொன்று. மேலே பெரிய மாளிகைகள், கீழே நெருக்கமாகத் தொழிலாளர் வீடுகள். உயரத்தை வைத்தே வசதியை அளந்துவிடலாம்.

பேரனுக்குப் பள்ளியில் ஊர் வரலாறு எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். "ஆச்சி, நம்ம ஊரைக் கண்டுபிடிச்சது ஜூலியன் டபியூக், அவ்வளவுதான்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டான். ஆசிரியைக்கு அது போதுமா? அவனையும் அழைத்துக்கொண்டு துறைமுகத்தருகே உள்ள மிசிசிப்பி நதி அருங்காட்சியகத்துக்கும், ஊருக்குத் தெற்கேயுள்ள 'ஸ்பெயினின் சுரங்கங்கள்' என்னும் காட்டுக்கும் போனேன். அந்தக் குன்றின் முனையில்தான் டபியூக்கின் கல்லறைக் கோபுரம் இருக்கிறது, 1897-இல் கட்டியது.

இந்த மண்ணின் சொத்து காரீயம். மெஸ்குவாக்கி என்னும் பழங்குடியினர், அவர்களிலும் குறிப்பாகப் பெண்கள், அதைத் தோண்டி உருக்கி விற்றுவந்தார்கள். கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரரான டபியூக் 1788-இல் அவர்களிடம் சுரங்கம் தோண்ட அனுமதி பெற்றார். 1796-இல் ஸ்பானிய ஆளுநரிடம் அதற்கு ஒரு பட்டயமும் வாங்கிக்கொண்டார். 1810-இல் அவர் இறந்தபின், அவரிடம் பங்கு வாங்கியவரின் வாரிசுகள் நிலமே தங்களுடையது என்று வழக்காடினர். மெஸ்குவாக்கிகள் கொடுத்தது தோண்டும் உரிமைதான், நிலம் அல்ல என்று 1853-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1832-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், நிலம் அவர்கள் கையைவிட்டுப் போய் வெள்ளையர் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. 1857-இல் அந்த மக்கள் தங்கள் பணத்தைச் சேர்த்து, இதே அயோவாவில் டாமா என்ற பகுதியில் எண்பது ஏக்கரை விலைக்கு வாங்கினார்கள். தங்கள் நாட்டில் தாங்களே நிலம் வாங்கினார்கள்! இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

"அப்போ கண்டுபிடிச்சதுன்னு எழுதக் கூடாதா ஆச்சி?" என்றான் பேரன். "அனுமதி கேட்டு வந்தார்னு எழுது" என்றேன். அப்படியே எழுதினான். ஆசிரியை அடிக்கோடிட்டு நட்சத்திரம் போட்டிருந்தார்.

காரீயத்தின் சாட்சி ஒன்று ஆற்றங்கரையில் நிற்கிறது. 1856-இல் கட்டிய ரவைக் கோபுரம், சுமார் 120 அடி. கீழ்ப்பாதி கல், மேற்பாதி செங்கல். உச்சியில் உருக்கிய காரீயத்தைச் சல்லடை வழியே ஊற்றுவார்கள். விழும் வேகத்திலேயே துளிகள் உருண்டையாகி, அடியில் உள்ள தண்ணீரில் விழுந்து இறுகிவிடும். துப்பாக்கிக்கு ரவை தயார். விழும் துளி ஏன் உருண்டையாகிறது என்பதை மேற்பரப்பு இழுவிசை பாடத்தில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா?

இன்னொரு பாடம் ஊருக்கு வடக்கே, 11-ஆம் எண் அணையில். 1937-இல் முடிந்தது. இது பாசனத்துக்கான அணை அல்ல. சரக்குப் படகுகளுக்கு ஒன்பது அடி ஆழம் இருக்கும்படி ஆற்றைப் படிக்கட்டாக்கி வைத்திருக்கிறார்கள். பார்ஜ் ஒன்று 1,500 டன் சுமக்கும். பதினைந்தைச் சேர்த்துக் கட்டி ஒரே இழுவைப் படகு தள்ளிவருகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 1,200 அடி. படகை ஏற்றி இறக்கும் நீர்க்கூடமோ 600 அடிதான். ஆகவே முதலில் ஒன்பதைப் பிரித்து அனுப்பி, பிறகு மீதி ஆறும் படகும் வரவேண்டும். அக்டோபர் வெயிலில் மேலேயுள்ள பூங்காவில் அமர்ந்து ஒருநாள் முழுதும் இதைப் பார்த்தேன். குளிர்காலத்தில் ஆறு உறைந்து போக்குவரத்து நின்றுவிடும். அணைக்குக் கீழே மட்டும் தண்ணீர் உறையாது. அங்கே மீன் பிடிக்க வெண்தலைக் கழுகுகள் கூட்டமாக வரும்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1965 ஏப்ரலில் மிசிசிப்பி 26.81 அடிக்கு உயர்ந்து கீழ்ப்பகுதியை மூழ்கடித்தது. அதன்பின் சுமார் ஆறு மைல் நீளத்துக்குத் தடுப்புக் கரையும் சுவரும் கட்டி 1973-இல் முடித்தார்கள். "அதுதான் சுவர் இருக்கிறதே, அம்மா" என்றாள் மகள். ஆற்றுக்குச் சுவர் போடலாம். குன்றிலிருந்து இறங்கும் மழைக்கு? அந்த மழை வடியும் ஓடைக்குத் தேனீயின் பெயர். ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் வேறு பொருள் வந்துவிடும், ஆகவே தேனீ ஓடை என்றே எழுதுகிறேன். முன்னோர்கள் அதைக் குழாய்க்குள் புதைத்து, மேலே தெருவும் வீடும் கட்டிவிட்டார்கள். 1999-க்கும் 2011-க்கும் இடையே ஆறுமுறை இங்கே பேரிடர் அறிவிப்பு. 2011 ஜூலை 27 இரவில் பத்து அங்குலத்துக்கு மேல் மழை. நம் நாளிலிருந்து ஒரு நாள்தான் தள்ளி!

பிறகு நகராட்சி செய்ததைப் பார்த்துத்தான் வியந்தேன். ஓடையின் வழியிலிருந்த வீடுகளை விலைகொடுத்து வாங்கி இடித்து, குழாயிலிருந்து ஓடையை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மேற்பகுதி 2017-இல் முடிந்தது. சந்துகளில் தண்ணீர் ஊறி இறங்கும் கற்களைப் பதித்திருக்கிறார்கள். கரையில் புல்லும் நடைபாதையும். எத்தனையோ குடும்பங்கள் வீட்டை விட்டுப் போன இடம் அது என்பதையும் மறக்க முடியவில்லை.

அந்தச் செங்கல் வீட்டை மறுபடி பார்க்கப் போனோம். மகள் சமையலறையைப் பார்த்தாள், மருமகன் கூரையைப் பார்த்தார். நான் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அவர் தம் வீட்டு நிலவறைக்கு அழைத்துப்போய்ச் சுவரில் பென்சிலால் போட்டிருந்த நான்கு கோடுகளைக் காட்டினார், பக்கத்தில் ஆண்டுகள். கடைசிக் கோடு 2011. "ஓடையைத் திறந்தபின் கோடு போட வேலை வரவில்லை" என்று சிரித்தார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வெள்ளக் காப்பீடும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வாங்கினார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தை மட்டும் நான் சொன்னபடி மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.