பணிவிடை செய்பவருக்கும் ஹக்கு உண்டு

படுக்கையில் விழுந்துவிட்ட தாய் தந்தையரைப் பேணுவதன் சிறப்பை ஜும்ஆ பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24-ஆம் வசனங்களை அறியாத குடும்பம் நம்மில் இராது. ஆனால், இரவு பகலாக அவர்களுக்கு மலஜலம் எடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, மருந்து புகட்டுகிறவர் யார் என்று பார்த்தால், பல வீடுகளில் ஒரே ஒரு பெண்தான். அவளும் அநேகமாக மருமகள்!

இங்கே மஸ்அலாவை விளங்கிக்கொள்ள வேண்டும். பெற்றோரைப் பராமரிப்பது பெற்ற மக்களின் கடமை. மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள்மீது வாஜிபல்ல. அவள் செய்வது உபகாரம். இயலாத பெற்றோருக்குப் பணியாள் அமர்த்தித் தருவதும் வசதியுள்ள மக்கள் செய்ய வேண்டிய செலவில் சேரும் என்று ஃபுகஹாக்கள் எழுதியுள்ளார்கள். எனவே, மாதத்தில் சில நாட்கள் கூலிக்கு ஆள் வைப்பவரை, 'பெற்றவர்களை அந்நியரிடம் தள்ளிவிட்டார்' என்று பழிப்பது அறியாமையாகும்.

வெளியூரிலிருந்து வந்து, கட்டிலருகே அரைமணி நேரம் அமர்ந்து, தேநீர் அருந்திச் செல்வதற்கு 'இயாதத்' (நோய் விசாரித்தல்) என்று பெயர். அதற்கும் நன்மையுண்டு, ஆனால் அது பணிவிடையாகாது. ஹிஜ்ரி 2-இல் பத்ருக்குப் புறப்பட்டபோது, நோயுற்றிருந்த தம் மகளார் ருகையா (ரலி) அவர்களைக் கவனிப்பதற்காக, கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே இருக்கச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் கனீமத்துப் பங்கும் அவர்களுக்குக் கிடைத்தன. நோயாளியைப் பார்ப்பது பெண்கள் வேலை என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்? கவனிக்க வேறு ஆளில்லாத நோயாளியுடன் இருப்பவருக்கு ஜும்ஆவைக்கூட விட அனுமதியுண்டு என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம்.

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்து, அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஹக்கு உண்டென்று எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்களும் அதை உண்மையென ஏற்றார்கள். நஃபிலான வணக்கத்துக்கே இந்த வரம்பென்றால், ஆறு மாதமாகச் சரியாக உறங்காத பெண்ணின் நிலை என்ன? பெற்றோரிடம் சொல்லக்கூடாதென்று குர்ஆன் தடுத்த அந்தச் 'சீ' என்ற சொல், களைத்துப்போனவர் வாயிலிருந்துதான் முதலில் வருகிறது.

ஆகவே மக்கள் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து, வாரத்தில் எந்த இரவு யாருடையது என்று பேசி முடிவு செய்யட்டும். வர இயலாதவர் பணியாளின் கூலியை ஏற்கட்டும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையிலிருப்போருக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் தர ஏற்பாடுண்டு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்துக் கேரளமெங்கும் பரவியது. நம் மஹல்லா ஜமாஅத்துகளால் இது முடியாததா?

ஒன்று மட்டும். முறை வைப்பதென்றால் நோயாளியை வீடு வீடாகத் தூக்கிச் செல்வதென்று சிலர் எண்ணுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில், மனைவியரிடம் அனுமதி பெற்று, ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்திலேயே தங்கினார்கள். ஆகவே பணிவிடைக்கு வருபவரே முறை மாறி வருவது நல்லது. நோயாளியை இடம் மாற்றியே ஆகவேண்டுமானால், அவருடைய விருப்பத்தை முதலில் கேட்டறிய வேண்டும்.