பல பலகைகள், ஒரே திரை

சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் போன்ற ஊர்களில், கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தொலைவில் அமைந்திருப்பது இயல்பு. ஒவ்வோரிடத்திலும் நீர்மட்டம் அறியும் கருவியோடு இ.எஸ்.பி.32 என்னும் சிறு மின்னணுப் பலகையைப் பொருத்தினால், எல்லா அளவுகளையும் ஊராட்சி அலுவலகக் கணினித் திரையில் ஒருங்கே காணலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை: பலகை பழுதுற்ற பின்னரும், அது இறுதியாக அனுப்பிய அளவு திரையில் நிலைத்திருக்கக் கூடும். அதனை நம்பி வற்றிய கிணற்றில் மோட்டாரை ஓட்டினால், அதன் சுருள் கருகிவிடும்.

ஆகவே, ஒவ்வொரு பலகைக்கும் தனிப்பெயர் இடுக. அளவின் அருகே அது வந்த நேரமும் தோன்றச் செய்க. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவான எம்.க்யூ.டி.டி. என்னும் செய்திமுறையில், பலகையின் தொடர்பு அறுந்தால் அதனை நடுக்கணினியே அறிவிக்கும் ஏற்பாடு உண்டு, அதனைப் பயன்படுத்துக. பலகையின் மௌனத்தை நலமெனக் கொள்ளலாகாது. நேரில் ஆள் அனுப்பிப் பார்த்த பின்னரே மோட்டாரை இயக்குக.