கம்பெனியைப் பிடிப்பதா? முதலாளியைப் பிடிப்பதா?



வணிகவியலில் 'நிறுமம்' என்ற பாடம் படிக்கிறோம். நிறுமம் என்பது சட்டம் உண்டாக்கிய ஒரு செயற்கை ஆள், அதற்குச் சொந்தப் பெயர் உண்டு, சொத்து உண்டு, வழக்குப் போடலாம், அதன்மேலும் வழக்குப் போடலாம் என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். சரி, அந்தச் செயற்கை ஆள் ஒரு தப்பு செய்தால்? கை இல்லை, விலங்கு மாட்ட முடியாது. உடம்பு இல்லை, ஜெயிலில் போட முடியாது. அப்போ அதற்குப் பின்னால் இருக்கிற பணக்கார முதலாளியைப் பிடிக்கலாமா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். (அறிவியல் பிரிவு நண்பர்களும் படிக்கலாம். பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு எதுவும் வராது!)

முதலில் ஒரு பழைய வழக்கு. லண்டனில் சாலமன் என்று ஒரு பூட்ஸ் வியாபாரி. தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். மொத்தப் பங்குகள் 20,007. அதில் 20,001 அவருடையவை. மிச்சம் ஆறு பங்கு மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பெனி நொடித்துப் போனது. "கம்பெனி என்றாலே சாலமன்தானே, அவரே கடனைக் கட்டட்டும்" என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 1896-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, சாலமன் வேறு, சாலமன் கம்பெனி வேறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் நாட்டுக் கம்பெனிச் சட்டமும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

இது அநியாயம் என்று உடனே சொல்லிவிட வேண்டாம். ஓய்வுபெற்ற ஒருவர் சேமிப்பில் பத்துப் பங்கு வாங்குகிறார். கம்பெனி கடனில் மூழ்கினால் அவர் வீட்டையும் ஜப்தி செய்வார்கள் என்றால் யார்தான் பங்கு வாங்குவார்கள்? பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று போடுவதே அதற்குத்தான். போட்ட பணம் போகும், அதற்கு மேல் போகாது.

ஆனால் சாலமன் வழக்கில் போனது பணம். உயிர் போனால் என்ன செய்வது? அதற்குப் போபாலைப் பார்க்க வேண்டும்.

1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு. மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட் நடத்திய பூச்சிமருந்துத் தொழிற்சாலை. மெத்தில் ஐசோசயனேட் இருந்த 610-ம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் விஷவாயு தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் பரவியது. தொட்டியைக் குளிர்விக்கும் கருவி பல மாதமாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. இறந்தவர்கள் என்று இழப்பீட்டுக் கணக்கில் அரசு ஏற்றுக்கொண்டது 5,295 பேரை. உண்மை எண்ணிக்கை இதைப்போல் பல மடங்கு என்கின்றன பாதிக்கப்பட்டோர் அமைப்புகள். நோய்வாய்ப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

இதில் 'கம்பெனியைப் பிடி' என்ற வழியில் என்ன கிடைத்தது? இந்திய அரசு கேட்டது 300 கோடி டாலருக்கு மேல். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதைப் பங்கு போட்டபோது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். வாழ்நாள் முழுவதும் மூச்சுத் திணறுகிறவருக்கு அது எத்தனை மாத மருந்துக்குக் காணும்?

சரி, 'ஆளைப் பிடி' என்ற வழி? அமெரிக்க யூனியன் கார்பைடின் தலைவர் வாரன் ஆண்டர்சன் போபாலுக்கு வந்தபோது டிசம்பர் 7-ல் கைது செய்தார்கள். அன்றைக்கே ஜாமீனில் விட்டு, அரசு விமானத்திலேயே டெல்லிக்கு அனுப்பிவைத்தார்கள். ஜாமீன் தொகையும் 25,000 ரூபாய்! அமெரிக்கா போனவர் வழக்குக்குத் திரும்பி வரவே இல்லை. 1992-ல் தலைமறைவானவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. அவரை ஒப்படைக்கும்படி 2003-ல் இந்தியா கேட்டது, அமெரிக்கா மறுத்தது. 2014-ல் தன் 92-வது வயதில் இறந்தார். இந்திய அதிகாரிகள் மேல் இருந்த குற்றச்சாட்டை 1996-ல் உச்ச நீதிமன்றம் 10 வருஷத் தண்டனைப் பிரிவிலிருந்து 2 வருஷப் பிரிவுக்கு இறக்கியது. 2010 ஜூனில் அவர்களுக்கு 2 வருஷம் என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கே ஜாமீனும் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டர்சன் முதலாளி இல்லை, சம்பளம் வாங்கிய தலைவர். அப்போ முதலாளி யார்? போபால் கம்பெனியில் 50.9 சதவீதப் பங்கு அமெரிக்க யூனியன் கார்பைடிடம். மிச்சம் இந்திய நிதி நிறுவனங்களிடமும் பொதுமக்களிடமும். அதாவது முதலாளியே இன்னொரு கம்பெனிதான்! அந்த அமெரிக்கக் கம்பெனிக்கும் ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள். வெங்காயம் உரிப்பது மாதிரி உரித்துக்கொண்டே போகலாம். இதற்குள் 1994-ல் இந்தியக் கம்பெனி கைமாறி, எவரெடி என்று பெயரும் மாறியது. அமெரிக்கக் கம்பெனியை 2001-ல் டவ் கெமிக்கல் வாங்கியது. வாங்கியவர்கள், "நாங்கள் பங்கைத்தான் வாங்கினோம், பழியை வாங்கவில்லை" என்கிற மாதிரியே வாதாடி வருகிறார்கள். 1896-ல் சாலமன் பிடித்த அதே குடைதான்.

எங்கள் வகுப்பில் இதைப் பேசியபோது பாதிப்பேர் முதலாளி கட்சி, பாதிப்பேர் கம்பெனி கட்சி. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. பத்துப் பங்கு வைத்திருப்பவரும் சட்டப்படி முதலாளிதான், அவரைத் தண்டிப்பது நியாயமா? கம்பெனியை மட்டும் பிடித்தால் அபராதத்தைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். என் எண்ணம் இதுதான்: லகான் யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். குளிர்விக்கும் கருவியை நிறுத்தலாம் என்று முடிவெடுத்த ஆளுக்கு ஜெயில். பாதிக்கு மேல் பங்கு வைத்து ஆட்டிவைத்த தாய்க் கம்பெனிக்குப் பணப் பொறுப்பு. ஒருவரைக் காட்டி இன்னொருவர் நழுவ விடக்கூடாது.

இது என் கற்பனை மட்டும் இல்லை. டெல்லியில் 1985-ல் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு புது விதி சொன்னது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் இழப்பீடு தர வேண்டும், கம்பெனி எவ்வளவு பெரிதோ இழப்பீடும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றது. 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தையும் திருத்தினார்கள். கம்பெனி நடத்தும் ஆலைக்குப் பொறுப்பாளி என்று இயக்குநர்களில் ஒருவரைத்தான் காட்ட வேண்டும், மேனேஜரைக் காட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்று ஆக்கினார்கள். இரண்டுமே நல்ல மாற்றம். போபால்காரர்களுக்குத்தான் பலன் இல்லை. கூடுதலாக 7,844 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசு போட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை 2025 ஜனவரியில்தான் 12 லாரிகளில் ஏற்றிப் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் கடைசிக்குள் எரித்து முடித்தார்கள். அந்த வேலைக்கு 126 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியது மத்திய அரசு.