மலைப் பாதையில் கைகோத்து நடப்போம்

திருமலைக்குப் பேருந்து இருக்கிறது. ஆனாலும் நம்மில் பலர் நடந்தே ஏறுகிறோம். வேண்டுதல் என்றால் குடும்பமே கிளம்பிவிடும். பாட்டி வருவார். அண்ணன் பிள்ளைகள் வருவார்கள். கட்டுச்சோற்று மூட்டையும் வரும். போகும் முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்வோம்.

இரண்டு பாதைகள்

ஒரு பாதை அலிபிரியில் தொடங்குகிறது. தூரம் சுமார் 9 கிலோமீட்டர். படிகள் 3,550. இன்னொரு பாதை ஸ்ரீவாரி மெட்டு. சந்திரகிரி பக்கம், சீனிவாச மங்காபுரத்திற்கு அருகில் இருக்கிறது. தூரம் சுமார் 2 கிலோமீட்டர். படிகள் 2,388. தூரம் குறைவு, ஏற்றம் அதிகம்.

தெலுங்கில் மெட்டு என்றால் படி. மோகாலு என்றால் முழங்கால். அலிபிரிப் பாதையின் மேல் பகுதியில் மோகாளி மெட்டு வருகிறது. அங்கே படிகள் செங்குத்தாக இருக்கும். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

இது யாருடைய வீடு?

பாதைக்கு இரண்டு பக்கமும் சேஷாசலம் காடு. இதன் ஒரு பகுதி 1989-இல் தேசியப் பூங்கா ஆனது. இங்கே செம்மரம் வளர்கிறது. மான், காட்டுப்பன்றி, கரடி, சிறுத்தை வாழ்கின்றன. நாம் அவற்றின் வீட்டு வழியாக நடக்கிறோம்.

2023-இல் நடந்தது

2023 ஜூன் மாதம். இரவு நேரம். அலிபிரிப் பாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்வியது. மக்கள் கூச்சல் போட்டுத் துரத்தினார்கள். சிறுத்தை அவனை விட்டுவிட்டு ஓடியது. அவன் காயத்தோடு பிழைத்தான்.

ஆகஸ்ட் மாதம் பெரிய துயரம் நடந்தது. பெற்றோரோடு வந்த 6 வயதுச் சிறுமி இரவில் காணாமல் போனாள். மறுநாள் காலை அவள் உடல்தான் கிடைத்தது. சிறுத்தை அவளைக் கொன்றுவிட்டது.

அதன் பிறகு வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தது. நடப்பவர்கள் கையில் தேவஸ்தானம் தடி கொடுத்தது. பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறு பிள்ளைகளைப் பாதையில் விடவில்லை.

சிறுத்தை ஏன் வருகிறது?

நாம் மீதிச் சோற்றை வீசுகிறோம். அதைத் தின்ன நாயும் பன்றியும் வருகின்றன. அவற்றைத் தேடிச் சிறுத்தை வருகிறது. சிறுத்தை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான் வேட்டையாடும். பிள்ளைகள் உருவத்தில் சிறியவர்கள். தனியாக நடக்கும் பிள்ளை சிறுத்தைக்கு இரை போலத் தெரியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. விடியற்காலையில் கிளம்புங்கள். அலிபிரிப் பாதையில் ஏற 4 மணி நேரமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. கூட்டமாக நடங்கள். பெரியவர் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. பிள்ளைகள் நடுவே. ஓடிப் பிடித்து விளையாட விடாதீர்கள்.

3. கழிப்பறைக்குப் போக வேண்டுமா? பாதையில் கழிப்பறைகள் உண்டு. புதர்ப் பக்கம் ஒதுங்காதீர்கள்.

4. மீதிச் சோற்றைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். குரங்குக்கும் மானுக்கும் தீனி கொடுக்காதீர்கள்.

5. சிறுத்தையைப் பார்த்தால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். அதற்கு முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். எல்லாரும் சேர்ந்து சத்தம் போடுங்கள்.

6. இதய நோய், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். பாட்டிக்கு மூச்சு வாங்கினால் பேருந்தில் அனுப்புங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

7. கனமழை நாளில் போகாதீர்கள். 2021 நவம்பர் மழையில் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சேதமானது. 2022 மே மாதம்தான் மீண்டும் திறந்தார்கள்.

அடிவாரத்தில் அறிவிப்புப் பலகை இருக்கும். நேரமும் வயது வரம்பும் அவ்வப்போது மாறும். முன்பெல்லாம் பலகையைப் பார்த்தபடி கடந்து போனோம். இப்போது நமக்கு எழுத்துத் தெரியும். நின்று படிப்போம். படிக்காதவர்களுக்கும் சொல்வோம். அந்த ஒரு நிமிடம் ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கும்.

கணக்குப் போடுவோம்

1. அலிபிரிப் பாதையில், ஸ்ரீவாரி மெட்டை விட எத்தனை படிகள் அதிகம்?

2. ஒரு குடும்பம் காலை 6 மணிக்குக் கிளம்பியது. ஏற 4 மணி நேரம் ஆனது. வழியில் 1 மணி நேரம் உட்கார்ந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தது எத்தனை மணிக்கு?

பேசுவோம்

மீதிச் சோறு சிறுத்தையை எப்படிப் பாதைக்கு அழைக்கிறது? பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.

எழுதுவோம்

உங்கள் குடும்பம் மலை ஏறப் போகிறது. யார் முன்னே, யார் நடுவே, யார் பின்னே? பெயர்களை வரிசையாக எழுதுங்கள்.