தம்பி ஏன் தரையில் புரள்கிறான்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த காட்சிதான். அம்மா ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் மாலை நேரம். அதுவரை சமர்த்தாக இருந்த ஒன்றரை வயதுத் தம்பி, பிஸ்கட் உடைந்துவிட்டது என்று தரையில் விழுந்து புரள்கிறான். "பிடிவாதம்! முதுகில் ஒன்று வை" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

அடிக்கக் கை ஓங்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஃபுளோரன்ஸ் குடினஃப் என்ற உளவியலாளர், 45 குழந்தைகளுக்குக் கோபம் வந்த ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் பெற்றோரைக் குறித்துவைக்கச் சொன்னார். முடிவுகள் 1931-இல் வெளிவந்தன. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட வயதில்தான் கோபம் மிக அதிகம். அதுவும் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்!

தம்பிக்குப் பசி, களைப்பு. அதைச் சொல்லத்தான் வார்த்தை இல்லை. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பது. (உங்களுக்கும் இன்னும் முதிரவில்லை!) அலறும்போது புத்திமதி ஏறாது. அடிபடாத இடத்தில் அவனை விட்டு, பேசாமல் அருகில் உட்காருங்கள். அழுகை தணியும்போது தூக்கிக்கொள்ளுங்கள்.

நாளை பஸ் வருவதற்கு அரைமணி முன்பே அவனுக்கு ஓர் இட்லி ஊட்டிப் பாருங்கள். ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள்: அழுத நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம். நோட்டைப் பாட்டிக்கும் காட்டுங்கள்.