பகைவரும் பேசலாம்

1962-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உலகமே அஞ்சி நடுங்கியது. அமெரிக்கக் கரைக்கு அருகிலுள்ள கியூபாத் தீவில் சோவியத் நாடு அணு ஏவுகணைகளை நிறுத்தியிருந்தது. சோவியத்தின் அண்டை நாடான துருக்கியிலோ அமெரிக்க ஏவுகணைகள் ஏற்கெனவே நின்றன. கியூபாவுக்குப் போர்க்கருவிகள் செல்லாதபடி கடலில் தடை விதிப்பதாக ஜனாதிபதி கென்னடி 22-ஆம் நாள் அறிவித்தார்.

25-ஆம் நாள் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் வத்திக்கான் வானொலி வழியாக, சமாதானம் கேட்டு எழும் மக்களின் குரலுக்குச் செவிசாய்க்குமாறு ஆட்சியாளரை வேண்டினார். 28-ஆம் நாள் சோவியத் பிரதமர் குருஷேவ் ஏவுகணைகளை அகற்ற இசைந்தார். கியூபாவின்மீது படையெடுப்பதில்லை என்று கென்னடி வாக்களித்தார். துருக்கியிலிருந்த ஏவுகணைகளை அகற்றவும் இரகசியமாகச் சம்மதித்தார்.

அந்த நெருக்கடியில் ஒருவர் மடல் மற்றவர் கைக்குச் சேரப் பல மணி நேரம் ஆயிற்று. எனவே 1963 ஜூன் 20-இல் மாஸ்கோவையும் வாஷிங்டனையும் நேராக இணைக்க ஒப்பந்தம் செய்தனர். பலரும் நினைப்பதுபோல் அது தொலைபேசி அன்று. எழுத்தில் செய்தி அனுப்பும் டெலிபிரிண்டர். கோபத்தில் நா தவறலாம். எழுதுகிறவர் சற்று நிதானிப்பார் அல்லவா? அவ்வாண்டு ஆகஸ்டில், வானிலும் விண்வெளியிலும் நீரடியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்று அவ்விரு நாடுகளும் பிரிட்டனும் கையெழுத்திட்டன.

அவர்கள் நண்பராகிவிடவில்லை, போட்டியும் ஓயவில்லை. ஆயினும் பேசியதால் உலகம் பிழைத்தது. 1987-இல் இரு வல்லரசுகளும் செய்த ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தம் 2019-இல் முறிந்துபோனது. ஆகவே சமாதானத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய்க் காக்க வேண்டும்.

தோழியரே, ‘காய்’ விட்டு முகம் திருப்பியிருக்கும்போது இதை நினைவுகூர்வோம். முதலில் பேசுகிறவள் தோற்றவள் அல்லள்.