பெங்களூருவில் வீடு கட்டப் போகிறீர்களா? முதலில் மழை போகும் வழியைப் பாருங்கள்

சைட் வாங்கிய கையோடு பலர் செய்கிற முதல் வேலை எலிவேஷன் படம் பார்ப்பது. முன்பக்கத்துக்குக் கண்ணாடியா, மரப்பட்டையா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், ஏப்ரல் வெயில் எந்தச் சுவரில் விழும் என்ற பேச்சு கிரகப்பிரவேசம் முடிந்து முதல் மழை பெய்யும்போதுதான் எழும். அதற்குள் கான்கிரீட் இறுகியிருக்கும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக உட்கார்ந்திருக்கிற ஊர். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் செய்து மேடேற்றுகிறார்கள். ஆண்டு மழை சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அந்த மழையைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர்கள் ஏரிக்குக் கீழே ஏரியாக வெட்டி, ராஜகாலுவே என்கிற வாய்க்கால்களால் கோத்தார்கள். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம். ஏரிகள் போய்விட்டன, நிலத்தின் சரிவு அப்படியேதான் இருக்கிறது.

இந்தச் சரிவையும் வெயிலையும் பார்த்துக் கட்டுகிற, இயற்கைக்கு இசைந்த வீடு என்றதும் பத்து ஏக்கர் தோப்பும் மூங்கில் கூரையும் மனதில் வந்தால், அதை ஒதுக்கி வையுங்கள். 30க்கு 40 சைட்டில் எழும் சாதாரண வீட்டுக்கும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

செய்ய வேண்டியவை

• அட்வான்ஸ் கொடுக்கும் முன் 'திஷாங்க்' ஆப்பைப் போனில் இறக்கிக்கொண்டு சைட்டில் போய் நில்லுங்கள். கர்நாடக அரசின் ஆப் அது. நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைப் பழைய கிராம வரைபடத்தோடு காட்டும். ஏரி, ராஜகாலுவே எல்லாம் அதில் தெரியும். பத்திரம் இடம் யாருடையது என்றும், காத்தா அதற்கு யார் பெயரில் வரி என்றும் சொல்லுமே தவிர, தண்ணீர் அந்த இடத்தின் மேல் ஓடுமா என்று சொல்லாது.

• ஏரிக்கும் காலுவேக்கும் எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பதை பிளான் அப்ரூவல் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இந்த அளவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்றது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தரகர் சொல்கிற கணக்கு எந்த வருஷத்தது என்று அவருக்கே தெரியாது.

• பெருமழை விட்ட அரை மணி நேரத்துக்குள் சைட்டுக்குப் போங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். மே மாதத்துச் சாயங்கால மழையும் போதும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எதிர்வீட்டுக் காம்பவுண்டில் சேற்றுக் கறை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கு விற்பதற்குச் சைட் இல்லை, உள்ளதைச் சொல்வார்.

• தரை மட்டத்தைத் தெருவிலிருந்து இரண்டரை, மூன்றடி தூக்குங்கள். தார் போடப் போட தெரு உயரும், உங்கள் வீடு உயராது. சம்ப் மூடியின் கழுத்தையும் தரையிலிருந்து ஓரடி எழுப்பிக் கட்டச் சொல்லுங்கள். வெள்ளம் வந்தால் முதலில் கெடுவது சம்ப் தண்ணீர்தான்.

• வெயில் போகும் பாதையை பிளான் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி இங்கே நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் உச்சி வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து வரும், மீதி மாதங்களில் தெற்கிலிருந்து. ஆகவே "வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேண்டாம்" என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு பக்கமும் இரண்டடி நீட்டி, அடிப்பக்க ஓரத்தில் சிறு பள்ளக் கோடு ஒன்று இழுக்கச் சொல்லுங்கள். மழைநீர் சுவருக்குத் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடும்.

• மேற்குச் சுவரை ஒட்டி மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர், துணி அலமாரி ஆகியவற்றை வையுங்கள். மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளும், நீங்கள் தூங்குகிற அறை தப்பிக்கும். கிழக்கைத் திறந்து விடுங்கள். டிசம்பர் குளிரில் காலை வெயிலின் அருமை தெரியும்.

• மொட்டைமாடிக்குப் பணம் ஒதுக்குங்கள். சூரியன் உச்சியில் நிற்கிற ஏப்ரலில் வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு தளத்தின் வழியாகத்தான் வருகிறது. 2016 ஏப்ரலில் இந்த ஊர் 39.2 டிகிரி வரை பார்த்துவிட்டது. "பெங்களூருவுக்கு ஃபேனே வேண்டாம்" என்பது தாத்தா காலத்துப் பேச்சு. தட்டோடு பதிக்கலாம், வெள்ளை கூல்ரூஃப் பெயின்ட் அடிக்கலாம், பந்தல் போட்டுக் கொடி ஏற்றலாம். புதிதாகத் தளம் போடுவதாக இருந்தால் ஃபில்லர் ஸ்லாப் பற்றி இன்ஜினியரிடம் கேளுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை அது. தளத்தின் அடிப்பாகத்தில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லாத இடங்களில் மங்களூர் ஓட்டை வைத்து நிரப்புவார்கள். சிமென்ட் மிச்சம், சூடும் குறையும்.

• காற்று மேலே போக வழி விடுங்கள். அடுத்த வீட்டுச் சுவர் அஞ்சாறு அடியில் நிற்கும்போது பக்கவாட்டு ஜன்னலில் காற்று வராது. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்தும், குளிர்காலத்தில் கிழக்கிலிருந்தும் வீசும். அந்த இரு பக்கங்களிலும் தாழ்வாகத் திறப்பு வைத்து, மாடிப்படிக் கூண்டின் உச்சியில் மூடாத வென்டிலேட்டர் வையுங்கள். சூடான காற்று தானாக மேலேறி வெளியே போகும். செட்டிநாட்டு முற்றம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. 30க்கு 40-இல் அதற்கு இடம் இல்லை, ஆனால் ஆறுக்கு ஆறடித் திறப்பு ஒன்றே முற்றத்தின் வேலையில் பாதியைச் செய்துவிடும். எல்லாத் திறப்புக்கும் கொசுவலையை இப்போதே கணக்கில் சேருங்கள். பிறகு போடலாம் என்று விட்ட வீடுகளில் ஜன்னல் சாயங்காலம் ஐந்து மணிக்கே சாத்தப்படும்.

• மழைநீரைத் தனி சம்ப்பில் பிடியுங்கள். 1,000 சதுர அடித் தளத்தில் ஆண்டுக்குச் சுமார் 90,000 லிட்டர் விழுகிறது. வீணாவது போக 70,000 லிட்டர் கிடைத்தாலும் 6,000 லிட்டர் டேங்கர் கணக்கில் 11 லோடுக்கு மேல். 2024 மார்ச்சில் டேங்கருக்கு ஊரே காத்திருந்ததை நினைத்துக்கொண்டால் இதற்கு வேறு காரணம் வேண்டாம். 2009-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள சைட்டில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எப்படியும் செய்தாக வேண்டும், உருப்படியாகச் செய்யுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள ஒரு வால்வு, அடுத்து ஃபில்டர், அதற்கடுத்து சம்ப். நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஜெயநகர் 5-ஆவது பிளாக்கில் குடிநீர் வாரியத்தின் மழைநீர் சேகரிப்புப் பூங்கா இருக்கிறது. இந்த வாரமே ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

• சம்ப் நிரம்பி வழிவதை ஒரு ரீசார்ஜ் கிணற்றுக்கு அனுப்புங்கள். மூன்றடி அகலம், இருபதடி ஆழம், அடி திறந்த உறைகிணறு. உறைகளுக்கு நடுவில் சிமென்ட் பூசக்கூடாது. தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வொட்டர் சமூகத்தார் பெங்களூருவில் இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். பயோம் அறக்கட்டளை முன்னெடுத்த பத்து லட்சம் கிணறுகள் இயக்கத்தின் முதுகெலும்பு அவர்கள்தான். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே தண்ணீர் இறங்குமா என்று சொல்லிவிடுவார்கள். கழிவுநீர்க் குழியிலிருந்து கிணற்றை நன்றாகத் தள்ளி வையுங்கள்.

• குளியல், வாஷிங் மெஷின் தண்ணீருக்கு இப்போதே தனிக் குழாய் இழுங்கள். சுவர் பூசிய பிறகு இதைச் செய்ய முடியாது. வாழையும் கல்வாழையும் அதிலேயே வளரும். சாக்கடைக்குப் போவது எங்கே போகிறது என்றும் யோசியுங்கள்: ஊரின் கிழக்குப் பாதித் தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கே பொங்குகிற நுரையில் நம் சோப்பும் உண்டு.

• அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை லாரிக்காரருக்குக் கொடுக்கும் முன் சோதனைக்குக் கொடுங்கள். நல்ல செம்மண் என்றால், கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்தி, சைட்டிலேயே மண்கல் அறுக்கலாம். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். 1974-இல் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய 'அஸ்த்ரா' மையம் வளர்த்தெடுத்த நுட்பம் இது; அரை நூற்றாண்டு அனுபவம் பின்னால் இருக்கிறது. கட்டடக் கலைஞர் சித்ரா விஸ்வநாத் வித்யாரண்யபுரத்தில் தன் சொந்த வீட்டையே மண்ணால் கட்டிக்கொண்டார். கல்தான் பிடிக்கும் என்பவர்கள் பன்னேர்கட்டா சாலையில் பி.வி. தோஷி வடிவமைத்த ஐ.ஐ.எம். வளாகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் கருங்கல் சுவர், நிழல் நடைபாதை, நடுநடுவே வானம் தெரியும் திறப்பு. பெயின்ட் அடிக்கும் செலவே இல்லாத சுவர்கள் அவை.

• இருக்கிற மரத்தைச் சுற்றி பிளான் போடுங்கள். 1976-ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சைட்டில் நிற்கும் மரத்தை வெட்டவும் அதிகாரியின் அனுமதி வேண்டும். மேற்கே ஒரு புங்கையோ வேம்போ நின்றால் அந்தப் பக்கத்து அறைக்கு ஏசி வாங்கும் யோசனையைத் தள்ளிப் போடலாம்.

செய்யக்கூடாதவை

• பள்ளத்து சைட்டில் பேஸ்மென்ட் தோண்டாதீர்கள். 2022 செப்டம்பரில் சர்ஜாபுரா சாலை ரெயின்போ டிரைவ் லே-அவுட்டில் கோடிக்கணக்கில் விலைபோகும் வீடுகளிலிருந்து மக்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டுவந்தார்கள். விலை மேட்டில் இருந்தாலும் நிலம் பள்ளத்தில் இருந்தால் அவ்வளவுதான்.

• மாடி மழைக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைக்காதீர்கள். பிளம்பருக்கு அது சுலபம். அந்தக் குழாய் மழைக்காக அளவெடுத்தது இல்லை. பெருமழையில் மேன்ஹோல் பொங்கி, பள்ளத்தில் இருப்பவர் பாத்ரூமில் எழும்பும். பள்ளத்தில் இருப்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

• வீட்டைச் சுற்றி விட்ட இடம் முழுவதும் டைல்ஸ் பதிக்காதீர்கள். "பெருக்கச் சுலபம்" என்பார்கள். கார் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல் போட்டு மீதியை மண்ணாக விடுங்கள். மரத்தின் அடியைச் சிமென்டால் இறுக்கவே இறுக்காதீர்கள்; வேர் நலிந்த மரம்தான் மே மாதக் காற்றில் கார் மேல் சாயும்.

• கொட்டி நிரப்பிய மண் மேல் அஸ்திவாரம் போடாதீர்கள். பழைய ஏரிப் படுகையில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மட்டம் செய்து சைட்டாக்கி விற்பது உண்டு. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, சுவர் விரிசலுக்குப் பட்டி பார்க்கும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

• சரிவான சைட்டை மட்டமாக வெட்டாதீர்கள். வீட்டையே மூன்று நாலு படியாக இறக்கிக் கட்டலாம். மண் வேலை குறையும், தண்ணீரும் தன் வழியில் போகும். தோண்டும்போது பாறை வந்தால் உடைக்கத் துடிக்காதீர்கள். லால்பாக் குன்றில் பார்க்கிறீர்களே, 300 கோடி வருஷப் பாறை, அதே இனம்தான் இது. சுவரை அதன் மேலேயே உட்கார வைக்க முடியுமா என்று இன்ஜினியரைக் கேளுங்கள்.

• மேற்கு முகத்துக்குக் கண்ணாடி போடாதீர்கள். ஐ.டி. கட்டடத்தில் அழகாகத் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் நாளெல்லாம் ஏசி ஓடுகிறது. பில்லை அவர்கள் கட்டுகிறார்கள்.

• எல்லா ஜன்னலையும் ஸ்லைடிங் ஆக்காதீர்கள். எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும்.

• இணையத்தில் பார்த்த கேரள வீட்டை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். அங்கே சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. அதற்கு அந்தச் செங்குத்தான கூரை வேண்டும். இங்கே அதில் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பணத்தைத் தாழ்வாரத்துக்குப் போடுங்கள். சென்னை வீட்டையும் காப்பி அடிக்க வேண்டாம். ஏசிக்காக இறுக்கி மூடிய பெட்டிக்குள் பெங்களூருவின் ராத்திரிக் குளிர்ச்சி வராது.

• வாஸ்துக்காரரையும் ஆர்க்கிடெக்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். ஒருவர் சம்ப்பை ஈசானி மூலையில் வைக்கச் சொல்வார். ஆனால் மழைநீர் சரிந்து வருவது எதிர்மூலையான நைருதிக்கு என்று இருக்கும். இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, பிளான் தாளில் முடிவெடுங்கள். பள்ளம் தோண்டிய பிறகு நடக்கிற சமரசம் உங்கள் செலவில்தான் நடக்கும்.

• மூன்றடி சந்தில் குல்மொஹரும் மழைமரமும் நடாதீர்கள். கறிவேப்பிலை, பவழமல்லி, எலுமிச்சை போதும்.

• போர்வெல் இருக்கிறதே என்று மேலே சொன்ன மழைநீர்க் குழாய்களை பிளானிலிருந்து வெட்டிவிடாதீர்கள். ஆயிரம் அடிக்குக் கீழே போயும் காற்று மட்டும் வந்த போர்வெல்கள் இந்த ஊரில் நிறைய. வற்றிய பிறகு மழைநீர்க் குழாய்க்குச் சுவரைக் குடைய வேண்டியிருக்கும்.

• குழாய் பதித்த பள்ளத்தைப் போட்டோ எடுக்காமல் மூட விடாதீர்கள். மழைநீர், குளியல் தண்ணீர், கழிவுநீர் மூன்றும் ஓரிடத்தில் ஒரே மாதிரி வெள்ளைக் குழாயாகத்தான் தெரியும். டேப்பை விரித்து வைத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி படம் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு ஒரு பிரிண்ட் வையுங்கள். அடுத்த பிளம்பர் டிரில்லோடு வருவார்.